பாதி உறைந்த தட்டு

என் தங்கச்சி ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டு விதைக்கிழங்கு அறையில் உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. அஞ்சாவதோடு நிறுத்தினவன். பிறகு லாரிதான். கொடைக்கானலுக்கு மேலே எங்கள் பூண்டியில் இருந்து கேரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு ஏற்றி மலைக்குக் கீழே இறக்குவேன்.

அவள் படித்தாள். மாதா கோயில் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் அவளை நிறுத்த விடவில்லை. அப்புறம் கொடைக்கானல், அப்புறம் கீழே காலேஜ், அதற்கும் மேலே என்னவோ. எழுபதுகளின் கடைசியில் கீழே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டார்கள். லீவுக்கு வந்தால் ஊரில் ஆட்கள் பல்வலிக்கு மாத்திரை கேட்பார்கள்.

என்ன வேலை என்று ஒரு முறை கேட்டேன். கேரட் மூட்டை மேல் உட்கார்ந்து சொன்னாள்.

“ஒவ்வொரு உயிருக்குள்ளயும் ரொம்பப் பொடிசா ஒரு மிஷினு இருக்குண்ணே. ரைபோசோம்னு பேரு. நம்ம சதைக்கு, ரத்தத்துக்கு, முடிக்கு எல்லாத்துக்கும் சரக்கு அதுலதான் தயாராகுது. அது இல்லாம புல்லு கூட மொளைக்காது. உள்ள எப்படி இருக்கும்னு எவனும் பாத்ததில்ல.”

“பூதக்கண்ணாடில தெரியாதா?”

“சும்மா உருண்டையாத்தான் தெரியும். அது கோடி கோடியா, ஒண்ணு மாதிரி ஒண்ணு, வரிசையா அடுக்கி நிக்கணும். நின்னா கல்லு மாதிரி ஆயிரும். அந்தக் கல்லுக்குள்ள எக்ஸ்ரே விட்டா படம் விழும். படத்த வச்சுக் கணக்குப் போட்டா உருவம் கெடைக்கும்.”

“யாரு அடுக்குறது?”

“அதுவாத்தான் அடுக்கிக்கிரணும்.”

நான் சிரித்தேன். லாரியில் முட்டைக்கோசு கூடத் தானாக அடுக்கிக்கொள்ளாது. அவள் சிரிக்கவில்லை.

கீழே அவளுக்கு நல்ல காலம் இல்லை. அந்தச் சாமான் குளிரில் இருக்க வேண்டும். குளிர் அறை இருந்தது. கரண்டு நிலையாக இல்லை. கரண்டு போகும்போதெல்லாம் மாசக்கணக்கில் செய்தது கெட்டுப் போகும். பெரியவர்கள் கேலி பேசினார்கள். தொளதொளவென்று இருக்கும் சாமான், அது எந்தக் காலத்திலும் கல்லாகாது என்றார்கள். பிறகு வெளிநாட்டில் யாருக்கோ ஆகிவிட்டது என்று சேதி வந்தது. அதே ஆட்கள், அதுதான் அங்கே ஆகிவிட்டதே, இங்கே எதற்கு என்றார்கள்.

கடைசியில் அவள் மேலதிகாரி ஒரு கெடு வைத்தார். கோடைக்குள் ஓர் எக்ஸ்ரே படம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவள் ஆராய்ச்சி அறை வேறு ஆளுக்கு. அவள் வேலையும் அதோடு முடிந்துவிடும்.

மார்கழியில் தெர்மோகோல் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

“அண்ணே, அந்தக் கெழங்கு ரூம எனக்குக் குடு.”

“கெழங்கு?”

“கெழங்க வேற எங்கயாவது போடு.”

போட்டேன். அந்த அறை கருங்கல் சுவர். வெயில் படாத பக்கம். மார்கழி தொடங்கி மாசி பிறக்கும் வரைக்கும் உள்ளே கிணற்றுக்குள் இறங்கின மாதிரி ஒரே குளிராக இருக்கும். கரண்டு தேவையில்லை. அவள் பூண்டுத் தோலைக் கூட்டித் தள்ளிவிட்டு, பலகை போட்டு, தட்டுகளை அடுக்கினாள். தட்டு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குள் உப்புத் தண்ணீர். குழியை மூடின கண்ணாடிச் சில்லில், உள்பக்கமாகத் தலைகீழாக ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டில்தான் அவள் சாமான். காற்றுப் போகாமல் சில்லைச் சுற்றிப் பசை தடவியிருப்பாள். அவ்வளவுதான். பிறகு காத்திருக்க வேண்டும்.

என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மேலே இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால்தான் சாப்பாட்டுக்கு வருவாள்.

என் பெண்டாட்டி இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இந்தியாதான் உங்கள் ஊர் என்று காகிதம் கொடுத்து அனுப்பினதில், தாய் தகப்பனோடு கப்பல் ஏறி வந்தவள். அவளுக்கும் என் தங்கச்சிக்கும் நல்ல ஒட்டுதல். பேணி என்று அவள் சொல்லும் தகரக் குவளையில் டீயை எடுத்துக்கொண்டு அறை வாசலில் நிற்பாள்.

“ஏன் தாயி, நீ என்னமோ கல்லு வளக்குறேன்னு ஊருல பேசிக்கிறாக. என்னா கல்லு? வைரமா?”

“வைரம்னா ஒங்களுக்குத் தராம இருப்பேனா மதினி?”

“ஆமா, தந்துட்டாலும். எங்க தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்ப கங்காணியும் இப்புடித்தான் சொல்லுவாரு.”

ஒரு நாள், உள்ளபடி என்னதான் நடக்கிறது என்று கேட்டாள். தங்கச்சி படிகம் என்றாள். புரியவில்லை. கிரிஸ்டல் என்றாள். அதுவும் புரியவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

“உறையுறது மதினி. தண்ணியா இருக்கிறது உறைஞ்சு கெட்டியாகணும்.”

“அப்புடிச் சொல்லு.”

அதற்குப் பிறகு தினமும் காலையில் டீயோடு அந்த ஒரு கேள்விதான். உறைஞ்சுதா? இல்ல மதினி. உறைஞ்சுதா? இல்ல மதினி. தங்கச்சிக்குக் கன்னம் ஒட்டிப்போனது. விரல் நுனி எல்லாம் வெடித்திருந்தது. பேச்சு குறைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றாது. லோடு ஏற்றப் போய்விடுவேன்.

தை பாதியில் ஒரு நாள் விடிந்ததும் வெறுங்காலோடு அடுப்படிக்கு ஓடி வந்தாள்.

“மதினி, உறைஞ்சிருக்கு!”

“முழுசாவா?”

“பாதிதான். ஊசி மொனை கெணக்கா இருக்கு. இன்னும் பெருசாகணும். ஆனா உறைஞ்சிருச்சு மதினி!”

என்னையும் இழுத்துப் போய்ப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். உடைந்த சீனி மாதிரி இருந்தது. ஆனால் விளிம்பு நேராக இருந்தது. ரம்பம் போட்டு அறுத்த மாதிரி நேர். யாரும் அறுக்கவில்லை.

எக்ஸ்ரே மிஷினுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்றாள். பூண்டியில் போன் கிடையாது. லாரியில் கொடைக்கானல் கூட்டிப் போனேன். ட்ரங்க் கால் போட்டு, லைன் கிடைக்க அரை நாள் ஆனது. அவள் சலிக்கவில்லை. ஏரிக்கரைக் கடையில் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் கேட்டுத் தின்றது அன்றைக்கு மட்டும்தான்.

திரும்பினபோது என் பெண்டாட்டி வாசலில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“வா தாயி. ஒன் சாமானெல்லாம் இந்நேரம் நல்லா உறைஞ்சிருக்கும்.”

“என்ன மதினி?”

“அந்தக் குளிருக்குள்ள வச்சா எப்புடி உறையும்? அதான் பாதியிலயே நிக்குது. அடுப்போரமா கங்கு தள்ளி, கம்பளியச் சுத்தி வச்சிருக்கேன். பதனமாத்தான் தூக்குனேன். ஒரு சொட்டு அலுங்கல.”

எங்கள் ஊரில் தை மாசத்தில் பால் தானாக உறையாது. உறை ஊற்றி வெறுமனே வைத்தால் மறுநாளும் பாலாகவே இருக்கும். சட்டியைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தால்தான் தயிர். பாதி உறைந்து நின்றால் இன்னும் கொஞ்சம் கங்கு தள்ளி வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேறு மாதிரி. அது குளிருக்கே பாட்டிலில் கட்டியாக உறைந்து நிற்கும். ஒன்று சூட்டுக்கு உறைவது. ஒன்று குளிருக்கு உறைவது. நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல்தான் சொல்கிறோம். தங்கச்சி மனதில் எண்ணெய் இருந்திருக்கும். என் பெண்டாட்டி மனதில் பால்.

தங்கச்சி கம்பளியைப் பிரித்தாள். தட்டுகளை வெளிச்சத்துக்கு எடுத்து வந்தாள். ஒவ்வொரு குழியாகப் பார்த்தாள். சூட்டில் பசை இளகியிருந்தது. கண்ணாடிச் சில்லுகள் சரிந்து கிடந்தன. சொட்டுகள் வழிந்து உப்புத் தண்ணீரோடு கலந்துவிட்டன. இருந்தும் கடைசிக் குழி வரைக்கும் பார்த்தாள்.

“எல்லாம் போச்சா?” என்றேன்.

“போச்சு.”

“நான் என்னா பண்ணேன்?” என் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “பாதி உறைஞ்சிருக்குன்னுதானே சொன்னே தாயி. பாலு பாதி உறைஞ்சா…”

“இது பால் இல்ல மதினி.”

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டிருக்கலாம். தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். செய்யவில்லை. தட்டுகளை மறுபடி அடுக்கி வைத்துவிட்டு, “நாந்தானே உறையுதுன்னு சொன்னேன்” என்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. அந்தக் குளிர்காலம் முடியும் வரை எங்கள் வீட்டில் தயிர் இல்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குப் பின்னால் நடந்து போனாள். அந்தப் பக்கம் பள்ளம். பெரிய பள்ளம். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன். விளிம்பில் நின்றாள். வெகுநேரம் நின்றாள். நான் மெல்ல நெருங்கினேன்.

திரும்பாமலே கேட்டாள். “ஏன்ணே பின்னாலயே வர்ற?”

“சும்மாதான்.”

“குதிச்சிருவேன்னு பாக்குறியா?”

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“குதிச்சா மிச்சத்த யாரு ஊத்துறது?”

ஐஸ் ஃபிளாஸ்கில் சின்னக் குழாய் ஒன்று மிச்சம் இருந்தது. நகத்தளவு. அந்த நகத்தளவைச் சேர்க்க, எங்கோ வெந்நீர் ஊற்றில் வாழும் கிருமியை மாசக்கணக்கில் வளர்த்து, உடைத்து, வடிகட்டியிருக்கிறாள். சில சொட்டுக்குத்தான் வரும். அதுவும் போனால் வேறு இல்லை. கை நடுங்கக் கூடாது என்று இரண்டு நாள் தூங்கி எழுந்து, அப்புறம் ஊற்றினாள்.

இந்த முறை குளிர் எங்களுக்காக நிற்கவில்லை. மாசி பிறந்ததும் பகலில் வெயில் ஏறியது. தகரக் கூரை சுட்டது. அறைக் கதவில் சாக்கைத் தொங்கவிட்டு, கூரையில் பரப்பி நனைத்தோம். நனைத்தது என் பெண்டாட்டி. ஓடையில் இருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். காய்ந்ததும் மறுபடி ஊற்றுவாள். பேசவே மாட்டாள். அறைக்குள் மட்டும் காலை வைக்கவில்லை.

“உள்ள வாங்க மதினி,” என்று தங்கச்சி கூப்பிடுவாள்.

“வேணாம் தாயி.”

பகலுக்குத் தண்ணீர் போதவில்லை. கொடைக்கானலில் ஐஸ்கிரீம் போடும் கடைக்காரரிடம் ஐஸ் கேட்டேன்.

“பூண்டிக்கா? பூண்டிக் குளிருக்கு ஐஸா? ஏலே, ஒனக்கு மூளை கீளை கொழம்பிருச்சா?”

“சோலி இருக்கு, குடுங்க.”

“பொணம் கிணம் போட்டு வச்சிருக்கியா?”

“இன்னும் இல்ல.”

மரத்தூளில் புதைத்து எடுத்துப் போவேன். வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி இருக்காது.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தது. என் பெண்டாட்டி ஒரு வேளைதான் சாப்பிட்டாள். தங்கச்சி தவக்காலம் இல்லாமலே அப்படித்தான் இருந்தாள். அவள் இருமல் சத்தம் கேட்டால் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வோம்.

கடைசியில் உறைந்தது. அந்தச் சொல்லை அவளும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. “வந்திருக்குண்ணே,” என்றாள். மூன்றே மூன்று. முன்னே பார்த்ததைவிடச் சிறிசு. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் வளரும். ஆனால் வெயில் விடாது. மிஷினும் அந்த வாரம்தான் காலி.

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். வியாபாரியிடம் சொல்லி லாரி நிறைய லோடு ஏற்றினேன். காலி வண்டி தூக்கிப் போடும். அவள் தட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். என் பெண்டாட்டி குடத்தோடு நின்றாள்.

“மதினி, தண்ணி ஊத்துனது போதும். குடத்த எறக்குங்க,” என்றாள் தங்கச்சி.

அவள் இறக்கவில்லை.

மலைப்பாதையை அவ்வளவு மெதுவாக நான் ஓட்டினதே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான். பெருமாள்மலையில் ஒரு டாக்சிக்காரன் பக்கத்தில் வந்து கத்தினான்.

“யோவ், வெரசாப் போய்யா! புள்ளத்தாச்சியவா ஏத்திட்டுப் போற?”

“ஆமா!” என்றேன்.

அவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். அவள் மடியைப் பார்த்தான். வண்டியை ஒதுக்கினான்.

சாயங்காலம் ஆராய்ச்சி நிலையத்து வாசலில் இறக்கிவிட்டு, மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு வந்தேன். கேட்டுக்கு வெளியே லாரியிலேயே படுத்தேன். மறுநாள் பிற்பகலில்தான் அவள் வெளியே வந்தாள். கையில் ஒரு பிலிம்.

“விழுந்துச்சுண்ணே.”

வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். நடுவில் ஒரு வெள்ளை வட்டம். சுற்றிக் கறுப்பு மூட்டம். மூட்டத்துக்குள் மங்கலாகப் புள்ளிகள். ஒரு பக்கம் மட்டும்.

“இதுக்குத்தானா?”

“இதுக்குத்தான். புள்ளி இருந்தா உள்ள வரிசையா அடுக்கி நின்னிருக்குன்னு அர்த்தம்.”

“அப்ப ஜெயிச்சாச்சு.”

“இல்லண்ணே. புள்ளி ஓரம் வரைக்கும் போகணும். நடுவுலயே நின்னு போச்சு. ரெண்டாவது படம் எடுக்குறதுக்குள்ள கல்லு செத்துருச்சு. எக்ஸ்ரே பட்டா சாகும். மூணும் அப்படித்தான் போச்சு.”

நான் பிலிமையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன். “அந்தத் தட்டு இருந்திருந்தா?”

அவள் மதில் சுவரைப் பார்த்தாள். “அது பெரிய கல்லா ஆயிருக்கும். இன்னும் ரெண்டு படம் விழுந்திருக்கும். காட்டி, இன்னும் கொஞ்ச நாள் கேட்டிருக்கலாம்.” பிலிமைக் கீழே இறக்கி, “மதினிகிட்ட சொல்லாத,” என்றாள்.

மேலதிகாரி கோபமாகப் பேசவில்லையாம். வெளிநாட்டில் இதைவிட நல்லா வந்துவிட்டது, ஆசைப்பட்டது போதும்மா என்றாராம். அவள் அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. பெண்கள் காலேஜ் ஒன்றில் வாத்தியார் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். நல்ல சம்பளம். குவார்ட்டர்ஸ் உண்டு.

“போ,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் கையைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

சரியென்று தலையை ஆட்டினாள். தங்கியிருந்த இடத்தில் இருந்த துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கொண்டு வந்தாள். லாரியில் வைத்தேன். கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அவள் கிளாஸைக் கையில் வைத்திருந்தாள். டீயில் ஆடை படிந்தது. குடிக்கவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. அழுதிருந்தால் கூடப் பரவாயில்லை.

“வண்டியத் திருப்புண்ணே.”

“எதுக்கு?”

“ஒண்ணு கேக்கணும்.”

திருப்பினேன். உள்ளே போனாள். நான் கேட்டில் நின்றேன். வாட்ச்மேன், “என்னங்க, எதுவும் மறந்துட்டாங்களா?” என்றார். தெரியாது என்றேன். வெகுநேரம் கழித்து வந்தாள்.

“கேட்டேன். குடுத்துட்டாங்க.”

“அறையையா?”

“இல்ல. அசிஸ்டென்ட் வேலை. கண்ணாடிச் சாமான் கழுவணும். மத்தவங்களுக்கு மருந்து கலக்கிக் குடுக்கணும். லீவு நாள்ல மிஷின் சும்மா கெடந்தா நான் தொட்டுக்கிரலாம்.”

“நீ டாக்டருல்ல?”

“பேருல இருந்து புடுங்கிரவா போறாங்க?”

“அந்தக் காலேஜு?”

“அங்க மிஷின் இல்லண்ணே.”

எனக்கு ஆத்திரம் வந்தது. “எச்சிக் கிளாஸு கழுவவா ஒன்ன நம்ம ஐயா படிக்க வச்சாரு?”

“எச்சி இல்லண்ணே. ஆசிட்ல கழுவுறது.”

பெட்டியைக் கேட்டாள். நான் தரவில்லை. அவளே ஏறி இறக்கிக்கொண்டாள். பாரமான பெட்டி. வாட்ச்மேன் ஒரு பக்கம் பிடித்தார்.

தனியாக மலை ஏறினேன். வீட்டில் என் பெண்டாட்டி என் முகத்தைப் பார்த்ததும் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“ஒங்க தங்கச்சி எங்க?”

சொன்னேன். படம் விழுந்ததைச் சொன்னேன். போதாமல் போனதைச் சொன்னேன். வேலையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, நான் பயந்ததையே கேட்டாள்.

“நான் அடுப்புல வச்சது இருந்திருந்தா?”

“அதுவும் செத்துத்தான் போயிருக்குமாம்.”

என்னையே பார்த்தாள். எனக்குப் பொய் சரளமாக வராது. அவள் உள்ளே போனாள். பிறகு அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சில்லை.

எண்பதுகள் ஓடின. கீழே லோடு போகும்போதெல்லாம் அந்தக் கேட்டுக்குப் போவேன். அவள் ரப்பர் செருப்போடு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வருவாள். பழைய ஆட்கள் ஓய்வு பெற்றார்கள். புதுப் பையன்கள் வந்தார்கள். அவர்கள் அவளை அக்கா, இதைக் கழுவுங்க என்பார்கள். வெளிநாட்டில் பெரிய கூட்டமே அந்த வேலை செய்கிறதாம். கல் வந்தும் உருவம் அங்கேயும் இன்னும் கிடைக்கவில்லையாம். இவள் தனியாள்.

கடைசியாகப் போனபோது தலை பாதி நரைத்திருந்தது. கேட்டேன்.

“இது என்னைக்காவது முடியுமா?”

“என் கையால முடியாதுண்ணே.”

“அப்ப வந்துரு. வீடு கெடக்கு. மதினி கேட்டுக்கிட்டே இருக்கா.”

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். “நாளைக்கு லீவுண்ணே. மிஷின் சும்மாதான் கெடக்கும்,” என்றாள்.

உள்ளே போய்விட்டாள். நான் மார்க்கெட்டுக்குப் போய் லோடை இறக்கினேன்.